வெற்றுக் கட்டம்: யாழ்ப்பாணத்தில் ஆறு நாள்

முதலாம் நாள், மானிப்பாய்

கொழும்பு வெள்ளவத்தையில் இரவு ஏறிய பஸ் விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டது. ஓட்டோ பிடித்து மானிப்பாய்க்கு வந்தபோது பெரியம்மா படலையடியில் நின்றார். "வா பிள்ளை, பஸ்ஸில நித்திரை கொண்டனியே?" என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டார்.

வந்த காரணத்தை முதலில் எழுதிவிடுகிறேன். போன வருடம் அம்மம்மா காலமானார். 31ஆம் நாளுக்கு மாமா ஒரு நினைவு மலர் அடித்தார். யாழ்ப்பாணத்தாருக்கு இது புதிதில்லை: கொஞ்சம் தேவாரம், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, பேரப்பிள்ளைகள் எழுதிய நாலு வரி, நன்றி நவிலல், நடுப்பக்கத்தில் வம்சாவளி. சில வீடுகளில் இதைக் கல்வெட்டு என்பார்கள். எத்தனையோ குடும்பங்களின் நாலைந்து தலைமுறை விபரம் இந்த மெல்லிய புத்தகங்களில்தான் தங்கியிருக்கிறது. நூலகம் இணையத்தளத்தில் இவற்றை நிறைய வருடி ஏற்றி வைத்திருக்கிறார்கள், நான் ஒரு முழு இரவு தூங்காமல் அதையே வாசித்திருக்கிறேன், யாரென்றே தெரியாதவர்களின் மச்சாள்மாரையும் சகலன்மாரையும் தேடித் தேடி.

எங்கள் மலரில் மேலே போகப் போக ஆண்களின் பெயர்கள் தெளிவாக இருக்கின்றன. ஒருவர் உடையார், அதாவது ஊர் அதிகாரி, இன்னொருவர் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் வேலை, இன்னொருவர் மலாயாவில் ரயில்வேயில் இருந்து பென்சனோடு வந்தவர். ஆனால் அந்த உடையாருக்குப் பக்கத்தில், அவர் மனைவி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கட்டம் கீறி வெறுமையாக விட்டிருக்கிறது. கோடு இருக்கிறது, பெயர் இல்லை. நாங்கள் எல்லோரும் அந்தக் கோட்டிலிருந்து இறங்கியவர்கள். மாமாவிடம் கேட்டேன். "ஒருத்தருக்கும் தெரியேல்ல, விடு" என்றார். விட முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் பிரித்தானியர் காலத்துத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் வழி வந்தவர்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். ஊர் மானிப்பாய், பூட்டன் ஒருவரின் பெயரும் பொன்னம்பலம், இவ்வளவுதான் அதற்கு ஆதாரம். அதையும் சரி பார்த்துவிட வேண்டும்.

பின்னேரம் விறாந்தையில் இருந்து பெரியம்மாவுக்குப் பேப்பரில் வந்த மரண அறிவித்தல்களை வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கண் தெரியாது என்றில்லை, ஒருவர் வாசிக்க அவர் உறவு சொல்வதுதான் அவருக்குப் பிடித்தம். காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் மாமியாரும், இன்னார் இன்னாரின் அன்புப் பேத்தியும், பூட்டியும் என்று ஒரே வசனம் முக்கால் பத்தி ஓடும். முடிப்பதற்குள் பெரியம்மா, "அப்ப இவா சண்டிலிப்பாய் டிஸ்பென்சரியாற்ற தங்கச்சியின்ர மருமகளல்லோ" என்று இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார். கவனித்தீர்களா, எங்கள் ஊரில் பேத்தி என்றால் பாட்டி. பேரன் என்றால் தாத்தா. பேரனின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பார்கள், பெயர் ஒரு தலைமுறை தாண்டி ஒரு தலைமுறை திரும்பி வரும். நாளைக்கு நல்லூர். அங்கேயும் இதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள், நல்லூர்

நடந்திருக்கிறதுதான். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் பட்டத்துக்கு வரும்போது செகராசசேகரன், பரராசசேகரன் என்ற இரண்டு பட்டப்பெயர்களையும் மாறி மாறி எடுத்திருக்கிறார்கள். அதனால் வரலாறு படிப்பவர்களுக்குத் தலைவலி, எந்தப் பரராசசேகரன் எவரென்று பிரித்தெடுக்கவே ஒரு ஆராய்ச்சி வேண்டும். ஆனால் நேற்றைய மரண அறிவித்தலை வாசித்த எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. குடும்ப வழக்கத்தைத்தான் அரண்மனையும் வைத்திருந்தது.

காலையில் கோயில். கட்டியம், அதாவது பூசையில் உரக்கச் சொல்லும் புகழுரை, சொல்லும் நேரத்தில் போய் நின்றேன். ஸ்ரீசங்கபோதி புவனேகபாகு என்ற பெயர் இன்றைக்கும் அதில் வருகிறது. 1450இல் தெற்கே இருந்த கோட்டை இராச்சியத்தின் அரசனுக்காக யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப் பெருமாளைத்தான் அது குறிக்கிறது என்று பலர் சொல்வார்கள். அவர் பின்னாளில் கோட்டையில் புவனேகபாகு என்ற பெயரோடு முடிசூடியவர். ஊரைப் பிடித்தவனின் பெயரை, ஊர் மீண்ட பிறகும், போர்த்துக்கேயர் கோயிலை இடித்த பிறகும், வேறொரு இடத்தில் திரும்பக் கட்டிய பிறகும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பதை நினைக்க மயிர்க்கூச்செறிந்தது.

இப்போது இருக்கும் கோயில் 1734இல், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் எழுந்தது. கட்டியவர் இரகுநாத மாப்பாண முதலியார், ஒல்லாந்தரின் கச்சேரியில் சிறாப்பராக, அதாவது காசாளராக, இருந்தவர். அவர் பெயருக்கு முன்னால் தொன் ஜுவான் என்றும் ஒட்டியிருக்கும். ஒல்லாந்தரிடம் உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்களுடைய திருச்சபையில் பெயரளவிலாவது ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், அதனால் அக்காலத்து முதலிமார் (முதலியார் பட்டம் பெற்ற உத்தியோகத்தர்) பலருக்கு இரண்டு பெயர்: ஏட்டில் ஒன்று, வீட்டில் ஒன்று. வம்சாவளி தேடுகிறவர்கள் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரை இரண்டு பேராக எழுதிவிடுவோம். அவருடைய வழித்தோன்றல்கள்தான் இன்றும் கோயிலை நிர்வகிக்கிறார்கள். அர்ச்சனைச் சீட்டு இன்றைக்கும் 1 ரூபா. ஒரு குடும்பம் முந்நூறு வருடம் ஒரு கோயிலைக் கையில் வைத்திருப்பது சரியா பிழையா என்று விவாதிப்பவர்கள் உண்டு, நான் இப்போது அதற்குள் போகவில்லை. இலங்கையில் இவ்வளவு நேரம் தவறாத பூசையை நான் வேறு இடத்தில் கண்டதில்லை என்பது மட்டும் உண்மை.

பிறகு வெயிலில் நடந்து பழைய அரசின் பெயரைச் சொல்லும் இடங்கள்: சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரி மனை, யமுனா ஏரி. ஏரி என்றால் ஏரியில்லை, ப வடிவத்தில் கட்டிய கேணி. மந்திரி மனையின் மரவேலைப்பாடு இன்னும் பார்க்கும்படி இருக்கிறது, சுவர்கள் அப்படியில்லை, பார்க்க நெஞ்சு வலிக்கிறது.

முத்திரைச் சந்தியில் சங்கிலியன் சிலையடியில் கொஞ்ச நேரம் இருந்தேன். 1619இல் கடைசி அரசன் சங்கிலி குமாரன் பிலிப்பே டி ஒலிவேராவிடம் தோற்றான், கோவாவுக்குக் கொண்டுபோய் 1623இல் தூக்கிலிட்டார்கள். இது எல்லோருக்கும் தெரியும். நான் யோசித்துக்கொண்டிருந்தது மிச்சப் பேரைப் பற்றி. அரச குடும்பத்தின் பிள்ளைகளையும் பெண்களையும் மதம் மாற்றி, துறவிகளாகவும் கன்னியாஸ்திரிகளாகவும் ஆக்கினார்கள். தூக்கிலிட்டதைவிட அதுதான் அந்த வம்சத்தை முடித்தது. துறவிக்கு வாரிசு கிடையாது.

அரசர்களின் வரிசையைச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலையும் அந்தக் குடும்பம் முடிந்து ஒரு நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டதுதான். மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த ஆளுநர் மக்காறா கேட்டுக்கொண்டதற்காகச் செய்தது. எந்த ஊரில் எந்தப் பிரபுவை முதல் அரசன் குடியேற்றினான் என்று அதில் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. என் எண்ணம் இது: அரசன் போன பிறகு ஊரில் மிஞ்சிய பெரிய மனிதர்கள் முதலிமார்தான், அந்தப் பட்டியல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. வம்சாவளி என்பது இறந்தவர்களைப் பற்றியது போல இருக்கும், எழுதுவது உயிரோடு இருப்பவர்களின் தேவைக்கு.

மூன்றாம் நாள், மருதனாமடமும் திருநெல்வேலியும்

இன்று இராமநாதன் குடும்பம். இதை விரிவாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் இதை எழுதும் எல்லோரும் மூன்று அண்ணன் தம்பிமாரோடு தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

பொன்னம்பலம் முதலியார் (1814–1887) மானிப்பாய்க்காரர், கொழும்பில் உயர்ந்தவர், கொச்சிக்கடைச் சிவன் கோயிலைக் கட்டியவர். அவருடைய மூன்று ஆண் பிள்ளைகள் குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். சரி. ஆனால் பொன்னம்பலம் முதலியார் எந்தச் சட்டசபையிலும் இருந்ததில்லையே, பிள்ளைகளுக்கு அந்த வாசல் எப்படித் திறந்தது? தாய் வழியால். தாய் செல்லாச்சி அம்மை. செல்லாச்சியின் தகப்பன் ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி முதலியார், 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையின் முதல் தமிழ் உறுப்பினர். 1836இல் அவர் காலமாகிவிட்டார். செல்லாச்சியின் தம்பி முத்து குமாரசுவாமி 1860களின் தொடக்கத்தில் அதே தமிழ் ஆசனத்துக்கு வந்தார், இங்கிலாந்தில் பாரிஸ்டரும் ஆனார், 1874இல் சேர் பட்டமும் வாங்கினார். 1879இல் அவர் இறந்ததும் ஆசனம் யாருக்கு என்று போட்டி வந்தபோது ஆறுமுக நாவலர் கூட்டம் கூட்டி இராமநாதனுக்காகப் பேசினார். அந்த வருடமே நாவலரும் மறைந்தார். இராமநாதனுக்குப் பிறகு மூத்தவர் குமாரசுவாமியும் அதில் இருந்தார்.

ஒரு தாளில் கீறிப் பாருங்கள். பேரன், மாமன், மருமகன், மருமகன். தகப்பன் வழியில் தேடினால் இந்த வரிசை அறுந்து அறுந்து தெரியும். செல்லாச்சி அம்மையை நடுவில் வைத்தால் ஒரே கோடு. சட்டநிரூபண சபையின் தமிழ் ஆசனம் ஏறக்குறைய ஒரு பெண்ணின் பிறந்த வீட்டுச் சொத்துப் போல ஓடியிருக்கிறது, அவரோ அந்தக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைத்திருக்க வழியில்லை.

மருதனாமடத்தில் இராமநாதன் கல்லூரி வாசலில் நின்றபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1913இல் பெண்களுக்காக அவர் கட்டியது. காவலாளி ஐயா உள்ளே விட்டார், பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள், மரநிழலில் ஒரு வட்டம் நடந்துவிட்டு வந்தேன். அவருடைய இரண்டாவது மனைவி லீலாவதி, பிறப்பால் ஹாரிசன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, இந்தக் கல்லூரிக்காக உழைத்தவர். ஆண்களுக்கு 1921இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி. அது 1974இல் பல்கலைக்கழக வளாகமாக மாறியது, உள்ளே அந்தச் சிவன் கோயில் மட்டும் அதே பெயரோடு நிற்கிறது.

பரமேஸ்வராவின் அதிபராக இருந்த சு. நடேசன் இராமநாதனின் மகளைக் கட்டியவர். தமிழில் அக்கா தங்கையின் மகனும் மருமகன், மகளின் கணவனும் மருமகன். 1879இல் ஒரு மருமகன் சபைக்குப் போனார், 1952இல் காங்கேசன்துறையில் இன்னொரு மருமகன் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தையே தோற்கடித்துப் பாராளுமன்றம் போனார். ஒரே சொல் இரண்டு நூற்றாண்டையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இங்கிலீஷ் வம்சாவளிப் படங்களில் இந்த இரண்டு உறவுக்கும் வெவ்வேறு கோடு, எங்களுக்கு ஒரே கூப்பாடு.

அருணாசலத்தைப் பற்றி ஒன்று. 1875இல் போட்டிப் பரீட்சை எழுதிச் சிவில் சேவைக்குள் போன முதல் இலங்கையர், 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர், இவை பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. எனக்கு அவரைப் பிடிப்பது வேறு காரணத்துக்கு. பதிவாளர் நாயகமாக இருந்து 1901 குடிசன மதிப்பீட்டை நடத்தியவர் அவர். பிறப்பு, இறப்பு, விவாகம், காணி, எங்கள் எல்லோருடைய பூட்டன் பூட்டிமாரும் கடதாசியில் ஏறிய துறைகள். குடும்பப் பெருமையின் உச்சியில் பிறந்த ஒருவர் ஊர் பேர் இல்லாதவர்களையும் ஒவ்வொன்றாக எண்ணி எழுதவைத்தார் என்பது சின்ன விஷயமில்லை.

இதே வீட்டின் இன்னொரு கொப்பு பொஸ்டன் வரை போனது. முத்து குமாரசுவாமிக்கும் எலிசபெத் பீபிக்கும் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. குமாரசுவாமி என்பது முதலில் முதலியாரின் சொந்தப் பெயர், பிறகு மகனுக்குத் தகப்பன் பெயர், பேரப்பிள்ளைக்கோ வெள்ளைக்காரர் வழக்கப்படி குடும்பப் பெயராகிவிட்டது. ஒரு பெயர் உறைந்துபோன இடம் அது. இங்கே இருந்தவர்களுக்கு ஒவ்வொரு தலைமுறையும் முன்னெழுத்து மாறிக்கொண்டேயிருந்தது.

வீட்டுக்கு வந்து மாமாவின் தாள்களையும் என் குறிப்பையும் பக்கத்தில் வைத்து இரவு பதினொரு மணி வரை பார்த்தேன். எங்களுக்கும் இராமநாதன் குடும்பத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எங்கள் பொன்னம்பலம் வேறு பொன்னம்பலம். பெரியம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எண்டாலும் அவையள் மானிப்பாய்தானே" என்றார்.

நாலாம் நாள்

மழை. ஒரு பதிவேடு பார்க்க ஒரு கந்தோருக்குப் போய் காலை முழுக்க வாங்கில் இருந்தேன். மத்தியானம் வரச் சொன்னார்கள், மத்தியானம் நாளைக்கு என்றார்கள், கடைசியில் அந்த வருடத்து ஏடு சண்டைக் காலத்தில் போய்விட்டது என்றார்கள். காலையிலேயே சொல்லியிருக்கலாம். கோபமாகத்தான் இருந்தது.

மழை விட்ட நேரத்தில் வட்டுக்கோட்டைக்குப் போனேன். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கிய இடம், இப்போது யாழ்ப்பாணக் கல்லூரி. இங்கே படிக்க வந்த பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் பணம் அனுப்பிய நல்ல மனிதர்களின் பெயரை வைத்தார்கள். அப்படித்தான் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையும் எங்களுக்குக் கிடைத்தார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவர் சைவப் பெயரோடு, இளையவர் நியூ இங்கிலாந்துப் பெயரோடு இருந்தால் ஐம்பது வருடம் கழித்து அவர்களைச் சேர்த்து வைப்பது யார்? காணிதான். பெயர் மாறினாலும் வளவு மாறாது. இது பெரியம்மா சொன்னது, நாளை மறுநாள் காணிப் பத்திரங்கள் வைத்த றங்குப் பெட்டியைத் திறக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்கு நல்ல நாள் பார்க்கிறார் போலிருக்கிறது.

ஐந்தாம் நாள், தெல்லிப்பழை, அல்வாய்

தெல்லிப்பழைக்குப் போகும் வழியில் கூரையில்லாத வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. 1990இல் எழும்பிப் போனவர்கள், காணி துண்டு துண்டாக விடுபட விடுபடத் திரும்பி வருகிறார்கள். வரும்போது முதலில் தேடுவது எல்லைக்கல்லையும் கிணற்றையும்தான். வீடு போனாலும் கிணறு அசையாது.

செல்வநாயகம் பிறந்தது இங்கேயில்லை, மலாயாவில் ஈப்போவில், 1898இல். நாலு வயதில் தாயோடு தெல்லிப்பழைக்கு வந்தார். எஸ். ஜே. வி. என்றால் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை, ஜேம்ஸ் வேலுப்பிள்ளை தகப்பன். பெரிய முதலி பரம்பரை இல்லை, மலாயாவில் உழைத்த காசில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பம். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளின் கூரை ஓடு மலாயாக் காசு, எங்கள் வீட்டு ஓடும் அதுதான். 1927இல் அவர் கட்டியது தெல்லிப்பழை மணியகாரர் பார் குமாரகுலசிங்கத்தின் மகள் எமிலி கிறேசை. மணியகாரர் என்றால் அன்றைக்கு அந்தப் பகுதிக்கே அரசாங்கம் அவர்தான். இங்கேயும் கதை பெண் வழியாகத்தான் ஊரோடு முடிச்சுப் போடுகிறது. மகள் சுசிலியைக் கட்டிய ஜெயரத்தினம் வில்சன் பின்னாளில் அரசறிவியல் பேராசிரியர், மாமனாரின் அரசியலை எழுதியவர்களில் முக்கியமானவர். பாருங்கள், திரும்பவும் மருமகன்.

1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர், 1952இல் தன் ஊர்த் தொகுதியிலேயே தோற்றவர், 1956இல் திரும்ப வென்றவர், 1977இல் மறைந்தவர். அவருடைய செல்வாக்குக்கு மாமனாரின் மணியம் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த நேர்மை யாருடைய சீதனமும் இல்லை, அது அவருடையது. ஆனால் ஊருக்குள் ஒரு மனிதரை இன்னாரின் ஆள் என்று அடையாளம் காண ஒரு வீடு வேண்டியிருந்தது, அந்த வீட்டை மனைவிமார் கொண்டு வந்தார்கள்.

அங்கிருந்து வடமராட்சிக்கு பஸ். அல்வாயில் அதிக நேரம் நிற்கவில்லை. 1901இல் தமிழ் அரசியல் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் பிறந்த ஊர். இவருக்கும் மானிப்பாய்ப் பொன்னம்பலம் வீட்டுக்கும் தொடர்பு இல்லை, பலர் கலந்துவிடுகிறார்கள், எங்கள் வீட்டார் செய்த அதே பிழை. தொடர்பு இருப்பது வேறு வகையில்: 1947 தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் இவர் தோற்கடித்தது அருணாசலத்தின் மகன் மகாதேவாவை, அப்போது உள்நாட்டு அமைச்சராக இருந்து வந்த மனிதரை. நூறு வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு வீட்டின் அரசியலை அல்வாய்ப் பிள்ளை ஒருவர் ஒரு வாக்கெடுப்பில் ஆட்டிவிட்டார். பிறகு அவருடைய வீடே ஒரு வரிசையாகியது: 2000ஆம் ஆண்டு ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்ட மகன் குமார் பொன்னம்பலம், இப்போது பேரப்பிள்ளை கஜேந்திரகுமார். மூன்று தலைமுறைக்கும் பொன்னம்பலம் என்பது குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது.

திரும்பி வந்தபோது வளவுக்குள் பனை ஏறி ஓலை வெட்டிக்கொண்டிருந்த ஐயா இறங்கி வந்து தண்ணீர் கேட்டார். செம்பில் கொடுத்தேன். எங்கள் வளவுப் பனையில் அவர் ஏறுகிறார், அவருடைய தகப்பன் ஏறினார், அவருடைய பேரனும் ஏறியிருக்கிறார். நான் என்ன தேடி வந்திருக்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். "எங்களுக்கு ஆர் பிள்ளை எழுதி வைச்சவை?" என்றார். கோபமாக இல்லை, தகவல் கேட்பது போலக் கேட்டார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. யாழ்ப்பாணத்தாரின் வழக்கச் சட்டமான தேசவழமையை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதிக் கொடுத்தபோது பன்னிரண்டு முதலிமார் வாசித்துச் சரி என்றார்கள். அதில் காணிக்கு எவ்வளவு இடமோ, அடிமைகள் யாருக்குச் சேர வேண்டும் என்பதற்கும் இடம் இருக்கிறது. 1844இல் சட்டம் வந்து அடிமைமுறையை ஒழிக்கும் வரை மனிதரும் சொத்துக் கணக்கில் இருந்தார்கள். எங்கள் கட்டம் ஒன்று வெறுமையாக இருக்கிறது என்று நான் நித்திரை இல்லாமல் இருக்கிறேன். அவருக்குக் கட்டமே கீறவில்லை. அவர் சொல்லச் சொல்ல அவருடைய தகப்பன், பேரன், தாய், தாயின் தாய் என்று எழுதினேன். தாய் வழியில் மூன்று பேரைச் சொன்னார், நான் என் தாய் வழியில் சொல்லக்கூடியதைவிட ஒருவர் அதிகம். தாளை இரண்டாகப் பிரதி எடுத்து ஒன்றை அவரிடம் கொடுக்கப் போகிறேன்.

ஆறாம் நாள், மானிப்பாய்

பெட்டியைத் திறந்தோம். கற்பூர உருண்டை வாசம், அதற்குள் பழைய சேலைத் துணியில் சுற்றிய உறுதிக் கட்டு, அதாவது காணிப் பத்திரங்கள். 1995இல் எல்லோரும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது பெரியம்மா கையில் எடுத்தது இந்தக் கட்டும், நகைப்பொட்டலமும், ஒரு போத்தல் தண்ணியும். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதைத் தலைக்கு வைத்துத்தான் படுத்தாராம். நினைவு மலர்கள் எல்லாம் வீட்டில் இருந்து அழிந்தன, யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் 97,000 புத்தகத்தோடு எரிந்தது, சீலைக்குள் சுற்றியது தப்பியது.

உறுதி வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதை நான் இன்றைக்குத்தான் பழகினேன். உறுதி எழுதும் நொத்தாரிசின் எழுத்து முதலில் பயமுறுத்தும், ஒரே வசனம் இரண்டு பக்கம் போகும், முற்றுப்புள்ளி கிடையாது. நேராக மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். முதலாவது காணியின் பெயர், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் இருக்கும், இன்ன வளவு, இன்ன கலட்டி என்று, அளவு பரப்பில் இருக்கும், 16 பரப்பு ஒரு ஏக்கர். இரண்டாவது எல்லைகள், கிழக்கு இன்னாரின் காணி, வடக்கு ஒழுங்கை என்று போகும். அந்த இன்னார்களில் பாதிப் பேருக்கு மேல் பெண்கள், "மனைவி" என்றும் "பெண்சாதி" என்றும் கூடவே எழுதியிருக்கும். மூன்றாவதுதான் பொன். இந்தக் காணி கொடுக்கிறவருக்கு எப்படி வந்தது என்று சொல்லும் பகுதி: முதுசமா (பெற்றோர் வழி வந்ததா), தேடிய தேட்டமா (உழைத்து வாங்கியதா), சீதனமா (கலியாணத்தில் கொடுத்ததா). சீதனம் என்றால் யார் கொடுத்தது, எந்த வருடத்து உறுதிப்படி.

தேசவழமையின் பழைய முறையில் தகப்பனின் முதுசம் ஆண் பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண் பிள்ளைகளுக்கு. காலப்போக்கில் பலதும் மாறியது, ஆனாலும் வீடும் வளவும் மகளுக்கு, மாப்பிள்ளை வந்து இருப்பார் என்பது எங்கள் ஊரில் இன்றைக்கும் வழக்கம். அம்மம்மா இந்த வீட்டில் பிறந்தவர், அவருடைய தாயும் இந்த வீட்டில் பிறந்தவர். ஆண்கள் ஒவ்வொருவரும் வேறு ஊரிலிருந்து வந்து, நாலு தூணுக்கு நடுவில் நாற்காலி போட்டு இருந்து, நினைவு மலரில் மேல் கட்டத்தில் பெயர் எழுதவைத்துப் போயிருக்கிறார்கள். வீடு அவர்களுக்குப் பின்னால் வரவில்லை, அவர்கள்தான் வீட்டைத் தேடி வந்தார்கள்.

பதினொன்றாவது உறுதி. பழுத்த தாள், மடிப்பில் கிழிசல். உடையார் தன் மகளுக்குச் சீதனம் எழுதுகிறார், இரண்டாவது வரியில் "நானும் என் பெண்சாதி" என்று தொடங்கிப் பெயர் வருகிறது. நான் சத்தமாக வாசித்தேன். பெரியம்மா திரும்ப வாசி என்றார். திரும்ப வாசித்தேன். கொஞ்சம் கீழே, இந்தக் காணி அந்தப் பெண்சாதிக்கு அவருடைய தாய் கொடுத்த சீதனம் என்று, அந்தத் தாயின் பெயரும் இருந்தது. ஒரு கட்டம் நிரப்ப வந்தேன், இரண்டு பேர் கிடைத்தார்கள். கடைசிப் பக்கத்தில் உடையாரின் கையெழுத்து சுழித்துச் சுழித்து இருக்கிறது, பக்கத்தில் அவர் மனைவியின் கீறல், சின்னதாக ஒரு புள்ளடி. அதைச் சுற்றி நொத்தாரிசு, இது இன்னார் இட்ட அடையாளம் என்று எழுதியிருக்கிறார். எழுதத் தெரியாத ஒருத்தி, ஆனால் அவருடைய கை இல்லாமல் அந்தக் காணி நகரவில்லை.

பெயரை இங்கே எழுதவில்லை. மாமாவுக்கும், கனடாவில் இருக்கும் சித்திக்கும், மச்சாள்மாருக்கும் முதலில் சொல்ல வேண்டும்.

பென்சிலால் மலரின் நடுப்பக்கத்தில் கட்டத்தை நிரப்பினேன். அதற்கு மேல் இன்னொரு கட்டம் கீற இடமில்லை, தலைப்பு எழுத்து வந்துவிட்டது, பக்கவாட்டில் கீறினேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறுதியின் எல்லைப் பகுதியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தவர், "கிழக்கால உள்ள கிணறு எண்டு போட்டிருக்கு, அது இப்ப தூர்ந்து போய்க் கிடக்கிற கிணறெல்லே" என்றார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் தண்ணீர் அள்ளியிருக்கிறார்.

பஸ் நாளை இரவுதான். விடிந்ததும் கத்தியோடு பனை ஏறும் ஐயா வருகிறார், அவருடைய தாளையும் கொடுத்துவிட்டு, பற்றையை வெட்டிக்கொண்டு இரண்டு பேருமாக அந்தக் கிணற்றடிக்குப் போகிறோம்.